ஊருக்குப் போய்க் காட்டிக்கலாம்

சேவை செய்யவேண்டும் என்ற ஆசையில் நான் நர்ஸிங் படிக்கப் போகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே அமெரிக்காவில், பார்சிப்பனியில் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்த்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை வீடியோ மீட்டிங் போட்டு, எங்கள் டீம் மொத்தத்தையும் கால் மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். யாரென்றே தெரியாத ஒரு பெண் எழுதி வைத்திருந்ததைப் படித்தாள். எனக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. அடுத்த ஐந்து மாதம் கண்ட இடத்திலெல்லாம் அப்ளை பண்ணினேன், ஒன்றும் அமையவில்லை. மெஷினிடமும் கொடுக்க முடியாத, ஹைதராபாத்துக்கும் அனுப்ப முடியாத வேலை எது என்று உட்கார்ந்து யோசித்தேன். படுக்கையில் கிடக்கிற ஆளுக்கு ஊசி போடுகிற வேலை. அவ்வளவுதான் என் லட்சியம்.

ஏற்கெனவே ஒரு டிகிரி வைத்திருப்பவர்களுக்குப் பதினைந்து மாதத்தில் நர்ஸிங் டிகிரி கொடுத்துவிடுகிற படிப்பு இங்கே உண்டு. பேர்தான் பதினைந்து மாதம். அதற்குள் நுழைவதற்கு முன்னால் கம்யூனிட்டி காலேஜில் அனாடமி இரண்டு பாகம், மைக்ரோபயாலஜி, கெமிஸ்ட்ரி என்று வரிசையாக முடித்துக் காட்டவேண்டும். ஒன்றிலாவது ஏ கிரேடு வராமல் பி வாங்கினால் என்ன ஆகும் என்று அட்மிஷன் ஆபீஸில் கேட்டேன். அங்கிருந்த பெண்மணி உதட்டைப் பிதுக்கினாள். லேப் வகுப்புக்கு இரண்டு தடவை வராவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள் என்பதையும் அவளே சொன்னாள்.

எங்கள் ஜனம் என்ன சொன்னது என்று கேட்கவே வேண்டாம். மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் அபார்ட்மென்டில் ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவருகிற பாட்லக்கில், கையில் தயிர்சாதத் தட்டோடு ஒரு ஆன்ட்டி என்னை ஓரம் கட்டினார். "நர்ஸிங்கா? ஏம்மா, டேட்டா சயின்ஸ் பண்ணலாமே? ஆன்லைன்லயே சொல்லித் தர்றாங்க" என்றார். அவர் வீட்டில் ரெண்டு டாக்டர். டாக்டர் என்றால் கையெடுத்துக் கும்பிடுவார்கள், நர்ஸ் என்றால் மூக்கைப் பொத்துவார்கள். ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது மட்டும் மணியடித்து யாரைக் கூப்பிடுவார்களாம்?

முதல் பாகத்தை எப்படியோ முட்டி மோதி முடித்தேன். இரண்டாம் பாகம் ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பம். மகளுக்கு நாலு வயது. டேகேரில் வெயிட்லிஸ்ட் நகரவே இல்லை. வீட்டுக்காரர் வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் போயே ஆகவேண்டும். நம்மவர்கள் இதற்கு என்ன செய்வார்கள்? ஊரிலிருந்து யாரையாவது ஆறு மாத விசிட்டர் விசாவில் வரவழைப்பார்கள். என் அம்மா உயிரோடு இல்லை. தாம்பரத்திலிருந்து மாமியார் வந்து இறங்கினார். அறுபத்தேழு வயது. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை, கூடவே பிரஷர். பெட்டியில் பாதி மாத்திரை, பாதி அப்பளம்.

அத்தையைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அவர் வாய் அப்படிப்பட்ட வாய். தினமும் காலையில் தங்கையோடு வாட்ஸ்அப்பில், ஸ்பீக்கரில்தான் பேசுவார். நான் பக்கத்து ரூமில் எலும்புகளின் பேரை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருப்பேன். "எம்சிஏ படிச்சவடீ. இப்போ பெட்பேன் தூக்கப் போறாளாம். பீ மூத்திரம் அள்றதுக்கு இத்தனாம் பெரிய புஸ்தகம்! கழுத கெட்டா குட்டிச்சுவரு" என்பார். அந்தப் பக்கம் தங்கை சிரிப்பார். மத்தியானம் நான் காலேஜ் கிளம்பும்போது அதே வாய், "சாப்ட்டுப் போம்மா, வயித்தக் காயப் போடாத" என்று சொல்லும். பிள்ளையைக் குறையில்லாமல் பார்த்துக்கொண்டார். அதற்காகத்தான் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். பொறுத்தேன் என்று சொல்வதும் பொய்தான். ஒவ்வொன்றாக மனசில் சேர்த்து வைத்தேன்.

செப்டம்பர் கடைசி. நவராத்திரிக்கு ஒரு வாரம் இருந்தது. லேப் முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன், அத்தை சோபாவில் காலை நீட்டி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலுக்குக் கீழே விரலை வைத்து அமுக்கி அமுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். "அம்மா, லுக்! ஹோல்! பாட்டி லெக்ல ஹோல் வருது!" என்று கத்தினாள். "கெட்ட குட்டி, விடுடீ" என்று அத்தை சிரித்தார்.

நான் பையைக் கீழே வைத்துவிட்டு மண்டி போட்டு, அதே இடத்தில் என் கட்டைவிரலை வைத்து அமுக்கினேன். எடுத்தபோது மாவில் அமுக்கினதுபோலக் குழி அப்படியே நின்றது. மனசுக்குள் எண்ணினேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. குழி மேலே வரவில்லை. அந்த வாரம்தான் ரத்த ஓட்டப் பாடத்தில் இதைப் படித்திருந்தோம், படத்தோடு. இதயமாக இருக்கலாம், கிட்னியாக இருக்கலாம், உடனே காட்டவேண்டும் என்று புரொபசர் சொல்லியிருந்தார்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கமில்லாமல் சொல்கிறேன். படித்த பாடம் வீட்டு சோபாவில் வந்து உட்கார்ந்திருக்கிறது, நான் சரியாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்கிற சந்தோஷம்.

"பிளேன்ல வந்ததுலேர்ந்தே இப்படித்தான். ஊருக்குப் போய்க் காட்டிக்கலாம்" என்றார் அத்தை.

இந்த ஊரில் நம்மவர்கள் எல்லோருக்கும் இது ஒரு மந்திரம். பல் சொத்தையா, ஊருக்குப் போய்க் காட்டிக்கலாம். முழங்கால் வலியா, டிசம்பர் லீவில் போகும்போது பார்த்துக்கலாம். எதிர் பிளாக்கில் இருக்கும் ஒரு அங்கிள் பித்தப்பைக் கல்லை வயிற்றில் வைத்துக்கொண்டே சென்னைக்குப் பறந்தார். விசிட்டராக வருகிற பெற்றோர் என்றால் கேட்கவே வேண்டாம். வாங்கித் தருகிற விசிட்டர் இன்சூரன்ஸில், ஏற்கெனவே உள்ள நோய் எதற்கும் கிடையாது என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதனால் அம்மா அப்பாக்கள் ஆறு மாதம் எல்லா வலியையும் மூட்டை கட்டி வைத்திருந்து, மீனம்பாக்கத்தில் இறங்கினதும் அவிழ்ப்பார்கள். இது தப்பு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றினதில்லை. இதைச் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தோம்.

வீட்டுக்காரரும் அப்படித்தான். அத்தை "அசதியா இருக்குடா" என்று சொல்லும்போதெல்லாம் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஜனவரில ஊருக்குப் போனதும் ஒரு ஃபுல் செக்கப் பண்ணிடலாம்மா" என்பார்.

அன்றைக்கு நான் அவரிடம் சொல்லியிருக்கவேண்டும். காலை அமுக்கிக் காட்டியிருந்தால் அவர் அடுத்த வாரமே அம்மாவைப் பிளேனில் ஏற்றியிருப்பார். அம்மா என்றால் அவருக்கு உயிர். அம்மா போய்விட்டால் பிள்ளையை யார் பார்ப்பது? லேப்புக்கு ரெண்டு தடவை போகாவிட்டால் பேர் போய்விடும். பேர் போனால் இந்த வருஷ அப்ளிகேஷன் போயிற்று. அடுத்த வருஷம் நாற்பத்திரண்டு. இத்தனையும் நான் மண்டி போட்டிருந்த இடத்திலேயே, அந்தக் குழி நிரம்புவதற்குள் யோசித்து முடித்துவிட்டேன்.

"தண்ணி கொஞ்சம் கம்மியா குடிங்க அத்தை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்க் கைகழுவினேன்.

நவராத்திரி வந்தது. எங்கள் காம்ப்ளெக்ஸில் லிஃப்ட் கிடையாது. அத்தை தினமும் சுண்டல் செய்து, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மூன்றாவது மாடி, இரண்டாவது மாடி என்று ஒவ்வொரு கொலுவுக்கும் ஏறி இறங்கினார். நடுப்படியில் நின்று மூச்சு வாங்குவார். நான் கீழ்ப்படியில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "வயசாயிடுச்சும்மா" என்பார். "மெதுவா ஏறுங்க" என்பேன்.

நவம்பரில் கிட்னி பாடம் வந்தது. காலையில் முகம் உப்பும். தோல் அரிக்கும். நாக்கில் இரும்பு ருசி அடிக்கும். சாப்பாடு பிடிக்காது. புத்தகத்தில் அந்தப் பட்டியலை இரண்டு தடவை படித்தேன். அத்தனையும் என் வீட்டுச் சமையலறையில் நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்தது. பரீட்சைக்கு நாலு வாரம் இருந்தது. நாலு வாரத்தில் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சும்மாவும் இருக்கவில்லை. அதுதான் இன்னும் கேவலம். சாம்பாரில் உப்பைப் பாதியாகக் குறைத்தேன். முழங்கால் வலிக்கு அத்தை போட்டுக்கொண்டிருந்த பெரிய மாத்திரை டப்பா கிட்னிக்கு விஷம் என்று படித்ததும், அதை எடுத்து என் அலமாரியில் ஒளித்து வைத்தேன். தெரியாமல் செய்தேன் என்று நாளைக்கு நானே சொல்லிக்கொள்ள முடியாதபடி, எல்லாம் தெரிந்துதான் செய்தேன். அத்தை ஸ்பீக்கரில் தங்கையிடம் புலம்பினார். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. இவ அதைத்தான் எனக்குப் போடறா. கால் வலிக்கு ரெண்டு மாத்திரை போட்டுக்கிட்டேன், அதையும் ஒளிச்சு வெச்சுட்டாடீ. அவ்ளோ கருமி" என்றார். கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உன் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறேன், என்னையா கருமி என்கிறாய் என்று பல்லைக் கடித்தேன். அந்த நிமிஷம் நிஜமாகவே நான் அவருக்கு நல்லது செய்வதாக நம்பினேன்.

டிசம்பர் நடுவில் ஒரு புதன்கிழமை பரீட்சை முடிந்தது. வியாழக்கிழமை காலை, வீட்டுக்காரர் ஷூ போட்டுக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டேன்.

"ஏங்க, இங்க வாங்க. அத்தை கால் வீங்கியிருக்கு பாருங்க."

ஏதோ அப்போதுதான் பார்த்ததுபோல் சொன்னேன். அவர் வந்து பார்த்து முகம் வெளுத்துப் போனார். திங்கட்கிழமை அவரும் அத்தையுமாகச் சென்னைக்குப் பறந்துவிட்டார்கள். ஏர்போர்ட்டில் வீல்சேரில் உட்கார்ந்திருந்த அத்தை என் கையைப் பிடித்து, "நல்லவேளை நீ பாத்தே" என்றார். தலையை ஆட்டினேன்.

தாம்பரத்து டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா மாத்திரையிலேயே கொஞ்ச காலம் ஓட்டியிருக்கலாமே" என்றாராம். போனில் வீட்டுக்காரர் இதைச் சொல்லும்போது நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பிப்ரவரியில் டயாலிசிஸ் ஆரம்பித்தது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம்.

அதே பிப்ரவரியில்தான் அப்ளிகேஷனுக்குக் கடைசி நாள். ஏன் நர்ஸிங் என்று ஒரு கட்டுரை எழுதவேண்டும். வேலை போயிற்று, வேறு வழியில்லை என்று எழுத முடியாது. முதலில் எழுதினதைக் காலேஜ் ஆலோசகரிடம் காட்டினேன். "இதில் மனுஷர் யாருமே இல்லையே, உன் வாழ்க்கையிலிருந்து ஒரு கதை சொல்" என்று திருப்பிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். கதையா இல்லை என்னிடம்?

மகள் விரல் வைத்து அமுக்கினதிலிருந்து ஆரம்பித்தேன். வகுப்பில் அந்த வாரம் படித்த பாடம், சோபா, சீரியல், குழி, எல்லாம் உள்ளது உள்ளபடி. அடுத்த வரியில், உடனே கணவரிடம் சொன்னேன், உடனே டாக்டரிடம் கொண்டு போனோம் என்று எழுதினேன். ஒரே மூச்சில் வந்துவிட்டது. படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது, போங்கள்.

நான் இங்கிலீஷில் எழுதுகிற எதையும் வீட்டுக்காரர் ஒரு தடவை பார்த்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். கல்யாணம் ஆன நாளாக அப்படித்தான். புத்தி எங்கே போயிற்றோ, பழக்கத்தில் இதையும் அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை மகளின் நீச்சல் கிளாஸில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனில் படித்தார். நான் பக்கத்தில் இருந்தேன். ரெண்டு தடவை மேலும் கீழும் நகர்த்திப் படித்தார்.

"'இமீடியட்லி' ரெண்டு தடவ வருது. ஒண்ண எடுத்துடு" என்றார்.

"சரிங்க."

"நீ டிசம்பர்ல தானே என்கிட்ட சொன்னே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீரில் மகள் எங்களைப் பார்த்துக் கையாட்டினாள். ரெண்டு பேரும் கையாட்டினோம்.

"இது எப்போ?"

"செப்டம்பர் கடைசி."

"நவராத்திரிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"மூணாவது மாடி ஏத்தினோமே அவங்கள. ஒம்பது நாளும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. குற்றவாளிக்குத்தானே கோபம் முதலில் வரும். "நீங்க மட்டும் என்ன? அசதியா இருக்கு அசதியா இருக்குன்னு உங்கம்மா எத்தன தடவ சொன்னாங்க? ஊருக்குப் போய்க் காட்டிக்கலாம், ஊருக்குப் போய்க் காட்டிக்கலாம். ஒரு நாளாவது அந்த லேப்டாப்ப மூடினீங்களா?" என்று கேட்டேன். பக்கத்து நாற்காலி அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்" என்றார். போனை என்னிடம் நீட்டினார். "அனுப்பு. நல்லா எழுதியிருக்கே."

அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. காபி கொடுத்தால் வாங்கிக்கொள்வார். தேங்க்ஸ் என்பார். பதிமூன்று வருஷத்தில் சொல்லாத தேங்க்ஸையெல்லாம் அந்த இரண்டு மாதத்தில் சொல்லி முடித்தார்.

மார்ச்சில் இன்டர்வியூ. இரண்டு புரொபசர்கள். மூத்தவர் என் கட்டுரையைக் கையில் வைத்திருந்தார், சில இடங்களில் அடிக்கோடு. கால் வீக்கத்தைப் பார்த்ததும் நான் சரியாக என்ன செய்தேன், வரிசையாகச் சொல் என்றார். விரலால் அமுக்கி எண்ணினது வரைக்கும் நிஜத்தைச் சொன்னேன். அதற்கு மேல் பொய்யைச் சொன்னேன். அன்றைக்கே அழைத்துப் போனோம் என்றேன். மாமியார் மறுத்தார், நான் விடவில்லை என்றுகூடச் சேர்த்துக்கொண்டேன். குரல் தடுமாறவே இல்லை. இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன். உங்கள் மாமியார் கொடுத்து வைத்தவர் என்று சொல்லிக் குனிந்து ஏதோ எழுதினார்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மெயில் வந்திருந்தது. சீட் கிடைத்துவிட்டது. நான் குதிக்கவில்லை, கத்தவில்லை. இட்லித் தட்டை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, மேஜையில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கங்கிராட்ஸ்" என்றார். உடனே போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்தார்.

"அத்தை, சீட் கெடச்சிருச்சு" என்றேன்.

"கெடச்சிருச்சா! ரொம்ப சந்தோஷம்மா, ரொம்ப சந்தோஷம்" என்றார். குரல் மெலிந்திருந்தது. "பெட்பேன் அது இதுன்னு நான் வாய்க்கு வந்தபடி பேசினதெல்லாம் மனசுல வெச்சுக்காத. இங்க வாரத்துல மூணு நாளு ஒரு நர்ஸ் பொண்ணு கையிலதான் என் உசுரு இருக்கு. என்னமா பாத்துக்குது தெரியுமா? நீயும் அப்படி நல்ல பேரு எடுக்கணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் போன் பக்கம் குனிந்தார். "உன் கதைய எழுதித்தாம்மா அவளுக்கு சீட்டு கெடச்சுது."

"என் கதையா? என்னடா எழுதினா?"

"அவளையே கேளு" என்று சொல்லிவிட்டு ஒரு இட்லியை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டார். சாப்பிடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கேயும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பொய்தான் எனக்குத் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டதே. வரவில்லை.

"உங்க கால் வீங்கினத எழுதினேன் அத்தை. பாப்பா அமுக்கினப்போ குழி விழுந்துச்சே, அத."

"அது நவராத்திரிக்கு முன்னாடில்ல?"

"ஆமா."

"நீகூட வந்து அமுக்கிப் பாத்தியே."

"ஆமா அத்தை. அப்பவே எனக்குத் தெரியும்."

அந்தப் பக்கம் டிவி சத்தம் கேட்டது. யாரையோ கூப்பிட்டு அதை அணைக்கச் சொன்னார். சத்தம் நின்றது.

"பரீட்சை முடிஞ்ச மறுநாளு சொன்னே" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

"ஆமா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். நாசமாகப் போ என்று சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"அந்தப் பரீட்சைல எத்தன மார்க்கு?"

"தொண்ணூத்தாறு."

"நூத்துக்கா?"

"ஆமா அத்தை."

"மீதி நாலு மார்க் எங்க போச்சு?"

நம் வீடுகளில் மார்க் ஷீட்டைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே எல்லோரும் கேட்கிற கேள்விதான். அத்தை சிரிக்கவில்லை. பதில் வரட்டும் என்று லைனிலேயே இருந்தார்.